அஞ்சேல் என்று நிற்பவர் யார்?

சென்ற மாதம் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ்ஸில் சென்றுகொண்டிருந்தேன். ஹாலி-எலையையும் தெமோதரையையும் கடந்து, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையின் அழகிலே பிள்ளைகள் தம்மை மறந்திருந்தனர். அவர்களுள் ஒருவன், பசறைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து படிக்க வருபவன், தன் கையிலிருந்த பத்திரிகையை என்னிடம் நீட்டினான். நீலத் தொப்பி அணிந்த பெண் பொலிஸார் சிலர் ஆபிரிக்கச் சிறுவர்களோடு நிற்கும் படமொன்று அதில் வெளியாகியிருந்தது.

“சேர், ஐ.நா. பொலிஸ் என்று போட்டிருக்கிறார்களே, இவர்கள் எந்த நாட்டுப் பொலிஸ்? சண்டை நடக்கும் இடத்தில் இவர்களால் சனங்களைக் காப்பாற்ற முடியுமா?” என்று கேட்டான்.

விடை சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவ்வேளையில் எங்கள் பஸ் பிந்துனுவெவையைக் கடந்துகொண்டிருந்தது. “நல்ல கேள்வி, தம்பி. ஆறுதலாகச் சொல்கிறேன்” என்று கூறி நிறுத்திக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையையே இன்று உங்கள் எல்லோருக்குமாக எழுத முற்படுகிறேன்.

பிந்துனுவெவை தந்த பாடம்

பிந்துனுவெவையிலே புனர்வாழ்வு முகாம் ஒன்று இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையோர் என்ற ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டவர்களும், தாமாகவே சரணடைந்தவர்களுமான தமிழ் இளைஞர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். பள்ளிப் பருவம் நீங்காத சிறுவர்களும் அவர்களிடையே இருந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் திகதி மாலை முகாமினுள்ளே ஒரு சச்சரவு எழுந்தது. மறுநாட் காலை, அயற்கிராமங்களிலிருந்து பெருங்கூட்டம் ஒன்று கத்தியும் பொல்லும் ஏந்தி முகாமுக்குட் புகுந்தது. 27 இளைஞர்கள் கொல்லப்பட்டனர். வேறு பலர் காயமுற்றனர்.

இந்தத் துயரத்தில் நாம் முதலிற் கருதவேண்டியது ஒன்றுண்டு. அங்கே காவல் இல்லாமலில்லை. ஏறக்குறைய 60 பொலிஸார் ஆயுதங்களுடன் அவ்விடத்தில் நின்றனர். கொலை நிகழ்ந்ததும் அவர்கள் கண்முன்னேதான். பொலிஸார் பாரதூரமான முறையிற் கடமை தவறினர் என்று இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவே பின்னர் கூறியது. 2003ஆம் ஆண்டிலே ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் இருவர் பொலிஸ் உத்தியோகத்தர்கள். எனினும் மேன்முறையீட்டின் பயனாக அனைவரும் விடுதலை பெற்றனர். 2005ஆம் ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு அவ்வழக்கு முற்றுப்பெற்றது. 27 உயிர்களுக்கும் பொறுப்பாளி என்று தண்டனை பெற்று நிற்பவர் இன்று ஒருவருமில்லை.

நமது தோட்டங்களிலே முனியாண்டி சாமியை எங்கே வைத்து வழிபடுகிறோம்? மலையோரத்திலும் எல்லைப்புறத்திலும் வைத்தே வழிபடுகிறோம். வெளியிலிருந்து வரும் தீங்குக்கும் உள்ளேயிருக்கும் சனங்களுக்கும் நடுவே நிற்பதுதான் காவல் தெய்வத்தின் வேலை என்று நம் முன்னோர் கருதினர். மனிதக் காவலரை அளப்பதற்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சீருடை அணிந்தவர் எத்தனை பேர், கையிலே துப்பாக்கி எத்தனை என்பவற்றை எண்ணிப் பார்ப்பதாற் பயனில்லை. நடுவே நின்றார்களா என்பதே கேள்வி. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இனி ஐக்கிய நாடுகள் பொலிஸாரிடம் செல்வோம்.

இரவல் வாங்கிய காவல்

ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொந்தமான பொலிஸ் படை எதுவும் கிடையாது. உறுப்பு நாடுகள் தத்தம் பொலிஸாரைச் சில காலத்துக்கு இரவலாகக் கொடுக்கின்றன. அவர்கள் தம் சொந்த நாட்டுச் சீருடையையே அணிந்து, தலையில் மாத்திரம் நீலத் தொப்பி வைத்துக்கொள்கின்றனர். சிலர் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆலோசகர்களாகவும் பயிற்றுநர்களாகவும் செல்வர். வேறு சிலர் ஏறக்குறைய 140 பேர் கொண்ட அணிகளாகச் செல்வர். கலகக் கும்பலைக் கலைப்பதும், அபாயமான இடங்களிற் காவல் புரிவதும் அத்தகைய அணிகளின் பொறுப்பாகும்.

இவர்களின் வரலாறு கொங்கோ நாட்டில் 1960ஆம் ஆண்டு தொடங்குகிறது. சுதந்திரம் பெற்றவுடனேயே குழப்பத்தில் ஆழ்ந்த அந்நாட்டுக்குக் கானா தேசத்துப் பொலிஸார் ஐ.நா. கொடியின்கீழ்ச் சென்றனர். 1964இல் சைப்பிரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டபோது, இரு சாரார் வாழ்ந்த பகுதிகளிலும் ஐ.நா. பொலிஸார் பணிக்கு அமர்த்தப்பட்டனர். 1989இல் நமீபியா சுதந்திரத்தை நோக்கி நடைபோட்ட வேளையில் ஏறக்குறைய 1500 பொலிஸார் அங்கே சென்றனர். அவர்களிடம் ஆயுதம் இல்லை. மக்கள் அஞ்சி நடுங்கிய பழைய பொலிஸ் படையைப் பின்தொடர்ந்து சென்று, அதன் நடத்தையைக் கண்காணிப்பதே அவர்கள் வேலை. ‘நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் இருக்கிறான்’ என்ற எண்ணமே சில வேளைகளில் ஓங்கிய கையைத் தடுத்துவிடும் அன்றோ!

ஆனால், பார்த்துக்கொண்டிருப்பது மாத்திரம் போதாது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1994ஆம் ஆண்டு ருவாண்டாவில் இனக்கொலை நிகழ்ந்தபோது, கிகாலி நகரத் தொழினுட்பப் பாடசாலை ஒன்றில் ஐ.நா. படையிலிருந்த பெல்ஜியம் நாட்டு வீரரை நம்பி ஏறக்குறைய 2000 பேர் தஞ்சமடைந்திருந்தனர். ஏப்ரல் 11ஆம் திகதி அவ்வீரர்கள் வாகனங்களில் ஏறிப் புறப்பட்டுவிட்டனர். தஞ்சம் புகுந்தவர்களிற் பெரும்பாலோர் அன்றே கொலையுண்டனர். மறு ஆண்டு பொஸ்னியாவிலே, ஐ.நா. சபையே ‘பாதுகாப்பான இடம்’ என்று பிரகடனஞ் செய்திருந்த ஸ்ரெப்ரெனிக்கா நகரம் வீழ்ந்தபோது 8000 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர்.

இவ்விரு பேரிழிவுகளுக்கும் பின்னரே பாதுகாப்புச் சபை விழித்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சியராலியோன் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, உடனடி அபாயத்திலிருக்கும் குடிமக்களைப் பலத்தைப் பிரயோகித்தேனும் காக்கலாம் என்று முதன்முறையாக அது தெளிவாக ஆணையிட்டது. அதன்பின் ஏற்பட்ட பெரிய சமாதானப் பணிகள் பலவற்றில் இவ்வாணை இடம்பெற்று வருகிறது. பொலிஸ் பணிக்கென்றே தனியாகப் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய முதல் தீர்மானம் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இராணுவம் இருக்கையில் பொலிஸ் எதற்கு என்று மாணவர்கள் வினவக்கூடும். இராணுவ வீரனுக்கு எதிரியை அடையாளங் காணவும் வெல்லவுமே பயிற்சி அளிக்கப்படுகிறது. கும்பலுக்கும் குடிசைக்கும் இடையே நின்று, இயன்றவரை உயிர்ச்சேதமின்றிக் கலகத்தை அடக்குவதும், முறைப்பாட்டைக் கேட்டு எழுதுவதும், இரவில் தெருவைச் சுற்றி வருவதும், காணாமற்போன பிள்ளையைத் தேடுவதும் பொலிஸின் தொழில். போர் நடக்கும் நாட்டிலேயும் சாமானிய சனங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் இவைதாம்.

லைபீரியாவுக்குச் சென்ற பாரதப் பெண்கள்

மாணவன் காட்டிய படம் எனக்கு 2007ஆம் ஆண்டை நினைவூட்டியது. அவ்வாண்டு ஜனவரி மாதம், உள்நாட்டுப் போரினாற் சிதைந்திருந்த லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவில், இந்தியாவின் மத்திய சேமப் பொலிஸ் படையைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திறங்கினர். ஐ.நா. வரலாற்றிலே முற்றிலும் பெண்களைக் கொண்ட முதல் பொலிஸ் அணி இதுவேயாகும். முதல் அணிக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் சீமா துந்தியா என்னும் அம்மையார்.

போர்க்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் பட்ட கொடுமைகள் சொல்லுந் தரத்தன அல்ல. துப்பாக்கி ஏந்திய ஆண்களைக் கண்டாலே அஞ்சி ஒளியும் நிலையிலிருந்த அவர்கள், தம்மைப் போன்ற பெண்கள் தெருவிலே காவல் நிற்பதைக் கண்டு மெல்லமெல்ல அருகில் வந்தனர். நாட்டின் ஜனாதிபதி எல்லன் ஜோன்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல் புரிந்த அதே பெண்கள், இரவிலே உள்ளூர்ப் பொலிஸாருடன் வீதிகளைச் சுற்றி வந்தனர். சிறுமிகளுக்குத் தற்காப்புக் கலையும் கற்பித்தனர். அணிக்குப்பின் அணியாக 2016ஆம் ஆண்டு பெப்ரவரி வரை ஒன்பது ஆண்டுகள் இப்பணி தொடர்ந்தது. அவர்களைப் பார்த்து, லைபீரியப் பெண்களும் தம் நாட்டுப் பொலிஸில் சேர முன்வந்தனர். காக்கப்பட்டவர்கள் தாமே காவலராக மாறினர் என்பதே இக்கதையிலுள்ள சிறப்பு.

திறந்த கதவு

2013ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி இரவு, தென் சூடானின் தலைநகரான ஜூபாவிலே சண்டை மூண்டது. இனம் பார்த்து வீடுவீடாகக் கொலை நிகழ்ந்தது. பிள்ளைகளை இடுப்பிலும் பாய்களைத் தலையிலும் சுமந்துகொண்டு சனங்கள் ஐ.நா. முகாம்களை நோக்கி ஓடினர். அந்த முகாம்கள் அகதிகளைத் தங்கவைக்கவென்று கட்டப்பட்டவை அல்ல. அவ்வளவு பேருக்கும் வேண்டிய தண்ணீரோ, மலசலகூடமோ அங்கே கிடையாது. எனினும் வாயிற்கதவுகள் திறக்கப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்து உயிர் தப்பினர். பின்னர் அத்தகைய இடங்களிற் தங்கியோர் தொகை ஒரு கட்டத்திலே 2 இலட்சத்தை எட்டியது.

அதே மாதம் பாதுகாப்புச் சபை அந்நாட்டிலுள்ள ஐ.நா. பொலிஸாரின் எண்ணிக்கையை 1323 வரை உயர்த்த இசைந்தது. வேலிக்குள்ளே ஒரு பெரும் பட்டினமே எழுந்துவிட்டதால் அவர்களுக்கு ஓய்வே இல்லாமற் போயிற்று. வாயிலிலே ஆயுதஞ் சோதித்தனர். இரவெல்லாம் சுற்றி வந்தனர். உள்ளே எழுந்த சண்டைகளை விலக்கினர். குடியிருப்போரையே சேர்த்துக் காவற் குழுக்களை அமைத்தனர். விறகு பொறுக்க வெளியே செல்லும் பெண்கள் வழியில் மறிக்கப்பட்டு மானபங்கப்படுத்தப்படுவது வழக்கமாகிவிட்டமையால், அவர்கள் செல்லும் வழிகளிற் காவல் ஏற்படுத்தினர். விறகுக்கட்டோடு வரும் தாய்மாரை நாளும் காணும் நமக்கு இந்தக் காவலின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதற்காக உயிர்கொடுத்தவரும் உண்டு. டிசம்பர் 19ஆம் திகதி அக்கோபோ என்னுமிடத்திலிருந்த சிறு முகாமை, உள்ளே தஞ்சமிருந்த குடிமக்களைக் கொல்ல வந்த பெருங்கும்பல் தாக்கியபோது, நடுவே நின்ற இந்திய அமைதிப்படை வீரர் இருவர் மாண்டனர்.

வேலி தவறிய இடங்கள்

இவ்வளவையும் கூறிவிட்டுக் குறைகளை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. அதே தென் சூடானில், மலக்கால் என்னும் ஊரிலிருந்த ஐ.நா. பாதுகாப்பிடத்தில் 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 17, 18ஆம் திகதிகளில் ஆயுதபாணிகள் வேலியை அறுத்துப் புகுந்தனர். குடில்கள் எரிந்தன, பலர் மாண்டனர். யார் யாருக்குக் கட்டளையிடுவது, எப்போது சுடலாம் என்பவற்றில் ஏற்பட்ட குழப்பத்தால் காவலர் உரிய வேளையிற் செயற்படவில்லை என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. ஆணை தாளிலே இருந்தது. காவலர் உள்ளத்திலே ஐயம் இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஹெயிட்டி நாட்டிலே ஐ.நா. பணியிலிருந்த நம் இலங்கைப் படைவீரர் நூற்றுக்கு மேற்பட்டோர், அந்நாட்டுப் பெண்களையும் சிறுமிகளையும் பாலியல்ரீதியாகச் சீரழித்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஐ.நா. சபைக்கு அவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அனுப்பிய நாடே விசாரிக்க வேண்டும். இரவல் வாங்கிய காவலின் பெருங்குறை இதுவாகும்.

‘அமைதிப்படை’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு 1987ஆம் ஆண்டு நினைவுக்கு வருவதும் இயல்பே. அவ்வாண்டு ஜூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்தியப் படை வந்தபோது, வடக்கிலே மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அக்டோபரிலே அப்படை புலிகளோடு போரில் இறங்கியது. அம்மாதம் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும், வைத்தியரும், தாதியரும் கொல்லப்பட்டனர். அது ஐ.நா. படை அன்று, ஓர் அயல் அரசின் படை. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது திரும்பிச் சென்றது. நடுவே நிற்க வந்தவர் ஒரு பக்கத்திற் சேர்ந்து போரிடத் தொடங்கினால், காவல் என்ற பெயர் நிலைத்திருந்தாலும் காவல் மறைந்துவிடுகிறது என்பதற்கு அது சான்றாகும்.

கிளிநொச்சி வாயிலில்

ஐ.நா. பொலிஸார் ஒரு நாட்டுக்குள் வருவதற்குப் பொதுவாக அந்நாட்டு அரசின் சம்மதம் வேண்டும். இலங்கைக்கு அத்தகைய பணி எதுவும் வந்ததில்லை. வந்திருந்தவர்கள் நிவாரணப் பணியாளர்களே. அவர்களும் எத்தகைய வேளையிற் சென்றார்கள் என்பதை மலையகத்தவராகிய நாம் மறந்துவிடலாகாது.

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளிலே கலவரம் நம் தோட்டங்களைத் தாக்கியபோது, லயன்களைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியோர் பலர். ‘அங்கே தமிழர் நடுவில் வாழலாம், அச்சமில்லை’ என்று எண்ணிப் போனவர்கள் அவர்கள். காட்டை வெட்டித் திருத்தி, கிணறு தோண்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். கால் நூற்றாண்டு கழிந்தபின் அந்த வன்னிக்கே போர் வந்து சேர்ந்தது.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் அளிக்க இயலாது என்று அரசாங்கம் அறிவித்தமையால், ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறினர். அவர்களது அலுவலகத்தின் முன்னே சனங்கள் கூடி, “போகாதீர்கள்” என்று மன்றாடினர். அவர்களிடம் துப்பாக்கி இல்லை என்பது அந்தச் சனங்களுக்குத் தெரியாததன்று. வெளியுலகின் கண்கள் இரண்டாவது தம் அருகில் இருக்கட்டும் என்பதே அவர்கள் கேட்ட வரம். அதுவும் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம்வரை அம்மக்கள் பட்டது உலகறிந்தது. 2012ஆம் ஆண்டு நவம்பரில், சார்ல்ஸ் பெற்றி என்பவர் தலைமையில் ஐ.நா. சபை தானே நடத்திய ஆய்வு, இலங்கையில் குடிமக்களைக் காக்கும் கடமையிலே சபை தவறியது என்பதை ஒப்புக்கொண்டது. அதற்கு ஓராண்டின் பின்னர்தான் ஜூபாவின் கதவுகள் திறந்தன.

விடை

இப்பொழுது என் மாணவனுக்கு விடை சொல்கிறேன்.

ஐ.நா. பொலிஸார் சனங்களைக் காப்பாற்ற முடியுமா? முடியும், காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் நீலத் தொப்பி அதைச் செய்துவிடவில்லை. அவர்கள் காத்த இடங்களிலெல்லாம் மூன்று காரியங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. ‘குடிமக்களைக் காப்பது உன் கடமை’ என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் ஆணை ஒன்று. அந்தச் சனங்களோடு பேசிப் பழகி, அவர்கள் அச்சத்தை அறிந்திருத்தல் இரண்டு. அபாய வேளையிலே காலைப் பின்வாங்காமல் நிற்கும் மனிதர் மூன்று. இவற்றோடு நான்காவதாக, தவறினாற் பதில் சொல்லவேண்டும் என்ற நிலையும் இருக்கவேண்டும். உலகம் இன்னும் சரிவர நிறைவேற்றாதது இந்த நான்காவதுதான். பிந்துனுவெவையிலும் அதுவே குறைந்தது. ஹெயிட்டியிலும் அதுவே குறைந்தது.

இந்நான்கும் எங்கோ ஆபிரிக்காவுக்குச் செல்லும் பொலிஸுக்கு மாத்திரம் உரியவை அல்ல. பதுளைப் பொலிஸுக்கும், பசறைப் பொலிஸுக்கும் உரியவையே. தோட்டத்துப் பெண்ணொருத்தி நிலையத்துக்குச் சென்று தன் மொழியிலே முறைப்பாடு எழுதிக்கொடுக்க முடியாமல் திரும்புவாளாயின், அங்கே காவலின் முதற்படியே இடிந்துபோகிறது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டுவிட்டது. அதனை நடைமுறையாக்கத் தமிழறிந்த பொலிஸ் உத்தியோகத்தர் வேண்டும். நம் பிள்ளைகளுள் ஆணும் பெண்ணுமாய்ச் சிலரேனும் அத்தொழிலை நாடுவார்களாயின், லைபீரியப் பெண்கள் காட்டிய வழியிற் சென்றவர்களாவர்.

1983ஆம் ஆண்டு ஜூலையிலே கலவரம் நாடெங்கும் பரவியபோது, எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள்ளே ஒளித்துவைத்து, வாசலிலே தாம் நின்று கும்பலைத் திருப்பியனுப்பிய சிங்கள அயலவர்களை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு ஆணையிட்டவர் எவருமில்லை. அவர்கள் தலையிலே நீலத் தொப்பியும் இல்லை. கதவுக்கு முன்னே நிற்பது என்ற அந்த ஒரு காரியத்தைச் செய்தார்கள். உலகப் பொலிஸுக்கு இன்று கற்பிக்க முயல்வதும் அதையேதான்.

ஆகவே, தம்பி, அடுத்த முறை நாம் பிந்துனுவெவையைக் கடக்கும்போது நான் வாய்மூடி இருக்கமாட்டேன். அந்த இடத்தைக் காட்டி, அங்கே நிகழ்ந்ததை உனக்கும் உன் தோழர்களுக்கும் சொல்வேன். நீங்கள் பெரியவர்களாகி எந்த வேலைக்குச் சென்றாலும், எந்த மொழி பேசுபவன் உங்கள் முன்னே அஞ்சி நின்றாலும், அவனுக்கும் கும்பலுக்கும் நடுவே நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.